கொடுவா பிடிக்கப் போறீங்களா? முதல்ல கடலோட டைம் டேபிளைப் பாருங்க!

``என்ன இரை ப்ரோ போட்டீங்க?'' ஒரு கொடுவாவைத் தூக்கிப் பிடித்தபடி யாராவது போட்டோ போட்டால், முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். இறாலா, மடவையா, ரப்பர் மீனா என்று ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க, அப்போ தண்ணி எந்தப் பக்கம் ஓடிச்சுன்னு யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டியது அதைத்தான். இரையெல்லாம் அதற்கு அப்புறம்.

வங்காளத்தில் `பேட்கி', ஆஸ்திரேலியாவில் `பாரமுண்டி' என்று கொண்டாடப்படும் அதே மீன்தான் நம்ம கொடுவா. ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம்தான் இதற்கு வீடு மாதிரி. இரையைத் துரத்திக்கொண்டு ஓடுவதெல்லாம் இதற்குப் பிடிக்காது. பாலத்தூண், பாறை, அலையாத்தி வேர் என்று ஏதாவது ஒரு மறைவில் நிற்கும். ஓட்டத்தில் அடித்துக்கொண்டு வரும் மடவைக் குஞ்சோ, இறாலோ பக்கத்தில் வந்ததும் வாயைப் படாரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுப்பதே தண்ணீரின் ஓட்டம்தான். ஓட்டம் நின்றால் ஹோட்டலுக்கு ஷட்டர் போட்ட மாதிரி.

போன சனிக்கிழமை கிடைச்சது, இந்த வாரம் எங்கே?

வார இறுதியில் மட்டும் போகிறவர்கள் எல்லோரும் புலம்பும் விஷயம் இது. அதே இடம், அதே ஆறு மணி, அதே இறால். ஆனா, ஒண்ணுமே இல்ல. காரணம் ரொம்ப சிம்பிள். நம் கிழக்குக் கடற்கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது, போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்தால், இந்தச் சனிக்கிழமை அதே நேரத்தில் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடியும் பழைய கணக்குக்கு வந்துவிடும். போனில் ஒரு டைடு ஆப் இருந்தால் போதும், அலாரத்தை எத்தனை மணிக்கு வைக்கணும்னு தெரிஞ்சிடும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஆப் காட்டுவது கடலோர நேரம். கழிக்குள் தள்ளிப் போகப்போக ஏற்றமும் வற்றமும் தாமதமாகத்தான் வரும். எவ்வளவு தாமதம் என்பதை, ஒருநாள் கரையில் குச்சி நட்டு வைத்து நீங்களே பார்த்துக்கொள்வதுதான் சரி. அடுத்தது, அடையாறு மாதிரி முகத்துவாரங்களில் மணல்மேடு வந்து வாயை அடைத்துவிடுவது உண்டு. வாய் அடைத்திருந்தால் உள்ளே ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது. ஆப் என்ன சொன்னாலும் பிரயோஜனமில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் மணலை உடைத்துத் திறந்தபிறகு அந்த இடத்துக்கே உயிர் வந்த மாதிரி இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் வேகமாக இருக்கும், நடுவில் வரும் அஷ்டமி வாக்கில் மந்தமாக இருக்கும்.

சரி, இப்போ இரை!

தண்ணீர் வடியும் நேரம்தான் உயிர் இரைக்கு ராஜயோகம். சின்னக் கழிகளிலிருந்து இறாலும் மடவையும் வேறு வழியில்லாமல் வெளியே வரும். அந்தக் கழி ஆற்றோடு சேரும் மூலையில் கொடுவா காத்திருக்கும். அங்கே விரல் நீள மடவையை உதட்டில் முள் குத்தி, ஓட்டத்தோடு போக விடுங்கள். உதட்டில் குத்தினால் ஓட்டத்தை எதிர்த்து இயல்பாக நீந்தும். தண்ணீர் மெதுவாக இருக்கும் இடமென்றால், மிதவை கட்டி, முதுகுத் துடுப்புக்கு முன்னால் குத்துவது நல்லது.

இறாலுக்கு ஒரு நுணுக்கம் இருக்கு. தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். முள் அதில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். அதைத் தவிர்த்து கொம்புக்கு அடியில் குத்துங்கள், அல்லது வால் பக்கக் கடைசிக் கணுவில். ஐஸ் பெட்டியில் வைத்த செத்த இறால் வேண்டாமா என்றால், போடலாம். ஆனால், கொடுவாவைவிட கெளுத்திதான் அதிகம் மாட்டும். உயிர் இரைக்கு மீன் தொட்டியில் வைக்கும் சின்ன பேட்டரி ஏர் பம்ப்பும் ஒரு வாளியும் போதும். வீச்சு வலை போடும் அண்ணன்களிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், கூடவே அன்றைய தண்ணீர் நிலவரத்தையும் கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் ஏறும்போது கொடுவா ஒரே இடத்தில் நிற்காது. கரையோரம், வேர்களுக்கு நடுவே என்று உள்ளே போகும். அப்போது ஒரே இடத்தில் உட்காராமல் நடந்துகொண்டே வீச லூர்தான் வசதி. புதுசா ஆரம்பிக்கிறவர்களுக்கு விலை உயர்ந்த பிளாஸ்டிக் மீன்கள் தேவையே இல்லை என்பது என் கருத்து. 3 அல்லது 4 இன்ச்சில், துடுப்பு வால் வைத்த ரப்பர் மீன் போதும். மழைக்கலங்கலில் கண்ணைவிட உடலால்தான் மீன் அதிர்வை உணரும், அந்த வாலின் ஆட்டம் அங்கேதான் உதவும். இரவில் கறுப்பு நிறம் நிழலுருவமாக எடுப்பாகத் தெரியும். பால விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில், வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டை ஒட்டி வீசிப்பாருங்கள், கொடுவா இருட்டுப் பக்கம்தான் நிற்கும். இழுக்கும்போது அவசரம் வேண்டாம். ரெண்டு சுற்று, ஒரு நிறுத்தம். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் `டொம்' என்று அடிக்கும்.

ஏற்றமும் வற்றமும் மாறும் அந்த அரைமணி நேரத்தில் டீ குடிக்கப் போகலாம்.

ராடு, ரீலெல்லாம் நடுத்தர ரகமே போதும். கஞ்சத்தனம் பண்ணக்கூடாத இடம் ஒன்றுதான்: முள்ளுக்கு மேலே கட்டும் கடைசி ஒரு மீட்டர் தங்கூஸ். கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியோ பிளேடு. 40 பவுண்டுக்குக் குறைவாகக் கட்டினால், துள்ளி ஒரு தலையாட்டு ஆட்டி அறுத்துவிட்டுப் போய்விடும். அதே செவுள் உங்கள் விரலையும் வெட்டும். அதனால் செவுளுக்குள் கைவிட்டுத் தூக்கும் போட்டோ போஸ் வேண்டாம்.

பெருசு மாட்டினால்?

கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பின்னாளில் பெண்ணாக மாறும் மீன். பெரும்பாலும் 80 - 100 செ.மீ. நீளத்தை எட்டும் வாக்கில் இந்த மாற்றம் நடக்கும். ஆக, மீட்டர் கணக்கில் மாட்டும் ராட்சசக் கொடுவா அநேகமாகத் தாய் மீன். ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. குயின்ஸ்லாந்து மாகாணத்தில் ஆற்றிலும் கடலிலும் 120 செ.மீ-க்கு மேற்பட்ட பாரமுண்டியை எடுத்துப்போகத் தடையே இருக்கிறது. நாமும் பெரிய மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அது தானாக வாலை ஆட்டும்வரை காத்திருந்து விட்டுவிடலாம். குழம்புக்கு ஒன்றிரண்டு கிலோ மீனே அருமையாக இருக்கும். கொடுவா சாப்பிட ஆசைன்னா, பண்ணைக் கொடுவா மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே இதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்துவிட்டது.

கூவம், அடையாறு, எண்ணூர் கழியில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம். சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் தண்ணீர் அது.

இடம் தேர்வு செய்யும்போது, அங்கே உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் யாரென்று பாருங்கள். பழவேற்காட்டில் `பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. நமக்கு அது வீக் எண்டு, அவர்களுக்கு அன்றைய வருமானம். வலை கிடக்கும் பக்கம் தூண்டில் வீசாதீர்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள்.

இன்னொன்று, இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசும் ஆசை. முகத்துவாரத்தில் தண்ணீர் வடியும்போது காலடி மணலையே உருவிக்கொண்டு போகும், நீச்சல் தெரிந்தவர்களையும் கடலுக்குள் இழுக்கும். மீன் நன்றாகக் கடிக்கும் அதே நேரம்தான் ஆபத்தான நேரமும். கரையில் நின்றே வீசுங்கள், தனியாகப் போகாதீர்கள், இரவென்றால் நெற்றி விளக்கு கட்டாயம். அடுத்த சனிக்கிழமைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வடிய ஆரம்பிக்குதுன்னு இப்பவே ஆப்பில் பார்த்து வெச்சுக்கோங்க.