லாலாங் புல்லும் உண்ணிக் காய்ச்சலும்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் மலேரியாவை மறப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுவை ஒடுக்கிய செய்தி நம் நூல்களில் இடம்பெற்றுவிட்டது. சயாம் மரண ரயில் பாதையில் காலராவுக்குப் பலியான தோட்டப் பாட்டாளிகளின் கதையும், காலந்தாழ்த்தியேனும், எழுதப்பட்டு வருகிறது. ஆனால் செம்பனைத் தோட்டத்துப் புல்லில் மறைந்திருந்து நம்மவரை வீழ்த்திய மற்றொரு காய்ச்சலுக்கு நம் வரலாற்றில் ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை. மருத்துவர்கள் அதனை ஸ்கிரப் டைபஸ் என்றனர். தமிழில் இன்று உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அந்நாளைய லயங்களில் அதற்கெனத் தனிப்பெயர் வழங்கியதாகத் தெரியவில்லை. விஷக் காய்ச்சல் என்ற பொதுச் சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது.

பெயரின்மை சிறு குறையன்று. பெயரில்லாத பகையை எவரும் தம் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட இயலாது. சப்பான் நாட்டின் நீகாத்தா, அக்கித்தா மாநிலங்களில் ஆற்றோர வயல்களில் உழைத்த உழவர்கள் இந்நோயைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். வெள்ளம் வடிந்த கரையில் கோடைக்காலத்தில் இறங்குவது ஆபத்து என்பதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியே அதற்குக் காரணம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்பூச்சியைத் தெய்வமாக்கிச் சிறு கோயிலும் எடுத்தனர். நோய்க்கு இன்றும் உலக மருத்துவம் வழங்கும் 'சுட்சுகாமூசி' என்ற பெயர் அவர்கள் தந்ததே. தீங்கு செய்யும் பூச்சி என்பது அதன் பொருள். மருந்து அவர்களிடம் இல்லை, எச்சரிக்கை இருந்தது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் மக்களுக்கோ, இந்த மண்ணும் புதிது, இந்தப் புல்லும் புதிது. காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தைப் பற்றி எச்சரிக்கை சொல்ல அவர்களுக்குப் பாட்டன் பூட்டன் யாரும் அங்கு வாழ்ந்திருக்கவில்லை.

1917 ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வாணிக நோக்கில் நடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அப்பயிர் பரவியது. அதனோடு எலியும் பெருகியது. ரப்பர் மரத்தடியில் எலிக்கு உண்ண அதிகமில்லை. செம்பனையோ உதிரும் பழத்தால் அதற்கு உணவும், வெட்டிப் போட்ட மட்டையால் அதற்கு வீடும் தந்தது. எலியின் காதோரத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகளே நோயைச் சுமப்பவை. அவற்றின் வாழ்க்கை முறை வியப்பானது. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு முறைதான் அது ஓர் உயிரின் உடலில் ஒட்டி உணவு கொள்ளும். பிறகு மண்ணில் இறங்கி வளர்ந்து முட்டையிடும். நோய்க்கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குச் செல்லும். ஆகவே எலி நடமாடும் புல்திட்டு ஒன்று ஆண்டுக்கணக்கில் நஞ்சுத் திட்டாகவே இருக்கும். பத்தடி தள்ளியுள்ள திட்டில் ஒன்றும் இராது. குனிந்து களையெடுக்கும் பெண்ணின் காலிலோ இடுப்பிலோ அக்குஞ்சு ஏறினால் அவளுக்கு வலிக்காது. காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் அவள் வேறு நிரைக்கு மாறியிருப்பாள். எந்தப் புல் தன்னைக் கடித்தது என்று அவள் எங்ஙனம் அறிவாள்?

அறிந்தவர் கோலாலம்பூரில் இருந்தனர். 1900 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் இக்காய்ச்சலைப் பிரித்தறிந்தனர். டைபஸ் என்பது பேன் பரப்பும் குளிர்நாட்டு நோய் என்றே அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். இங்கோ பேன் இல்லாமலே டைபஸ் தோன்றியது. அதுவும் இரு வகையாகத் தோன்றியது: நகரத்துக் கடைகளில் இருப்போருக்கு ஒன்று, தோட்டத்தில் வெளிவேலை செய்வோருக்கு மற்றொன்று. நோயாளி என்ன வேலை செய்பவர், எங்கே செய்பவர் என்று அவர்கள் கேட்டனர். மருத்துவ வரலாற்றில் இக்கேள்விக்குரிய பெருமை போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

அவர்களுக்கு ஒரு தற்செயலும் கைகொடுத்தது. டைபஸ் நோயாளியின் குருதியைச் சோதிக்கப் புரோட்டியஸ் என்னும் நுண்ணுயிரைப் பயன்படுத்துவர். கிங்ஸ்பரி என்ற ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்த புரோட்டியஸ் வகை, வழக்கமான வகையோடு ஒத்துப்போகாத, இயல்பு மாறிய ஒன்று. நகர நோயாளியின் குருதி வழக்கமான வகையைத் திரளச் செய்தது. தோட்ட நோயாளியின் குருதியோ கிங்ஸ்பரியின் வகையை மட்டுமே திரளச் செய்தது. அந்த மாறிய வகை இங்கு வந்திராவிட்டால், தோட்டப் பாட்டாளியின் டைபஸ் இன்னும் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கும். அவர் பெயரின் முதலெழுத்தான 'கே' அச்சோதனையின் பெயரில் நிலைத்துவிட்டது. குருதி கொடுத்த தோட்டத்து மக்களின் பெயர்களை எவரும் நினைவில் வைக்கவில்லை.

1930களில் லெவ்த்வெய்ட் என்பாரும், சவூர் என்ற இந்தியப் பெயர் கொண்ட ஆய்வாளரும் சேர்ந்து, மலாயாவின் தோட்டத்து டைபசும் சப்பானின் சுட்சுகாமூசியும் ஒரே நோய்தான் என்று பல்லாண்டு உழைப்பால் நிறுவினர். இவையெல்லாம் ஆங்கில அறிக்கைகளாக அச்சாயின. லண்டனுக்குச் சென்றன. அவ்வறிக்கைக்குக் குருதி கொடுத்த லயத்துக்கு அச்செய்தி தமிழில் சென்றிருக்குமானால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. துரைக்கும் டிரஸ்ஸருக்கும் தெரிந்தது கங்காணிக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற காலம் அது.

போர் வந்தது. பர்மாவிலும் நியூகினியிலும் படைவீரர்கள் இந்நோயால் வரிசையாக விழுந்தபோதுதான் பெருநாடுகள் விழித்துக்கொண்டன. சீருடையில் தடவினால் உண்ணியைக் கொல்லும் மருந்தை ஆஸ்திரேலியர்கள் கண்டனர். போர்வீரர்களின் உடைகள் அம்மருந்தில் தோய்க்கப்பட்டன. அவசரகாலத்தில் மலாயாக் காட்டில் திரிந்த பிரிட்டிஷ் வீரர்களும் அதனைப் பூசிக்கொண்டனர். இருபதாண்டுகளுக்கு முன்பே செம்பனைத் தோட்டத்தில் தெரிந்திருந்த ஆபத்து, வெள்ளை வீரனின் காலைக் கடித்த பின்னரே உடையில் மருந்தாக மாறியது என்றால் அது கடுஞ்சொல்லாகாது.

1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜோசப் ஸ்மேடல், தியடோர் வுட்வர்ட் முதலியோரைக் கொண்ட அமெரிக்கக் குழு ஒன்று கோலாலம்பூர் வந்தது. வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட குளோரோமைசெட்டின் என்னும் புது மருந்தை அவர்கள் கொண்டுவந்தனர். லெவ்த்வெய்ட்டும் சவூரும் உடன் பணியாற்றினர். வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் சில நாள்களில் தணிந்தது. இந்நோய்க்கு உலகில் முதன்முதலாக உறுதியான மருந்து கிடைத்தது இந்த மண்ணில்தான். அத்தோடு நிற்கவில்லை. உண்ணிக் காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நோயாளிக்கு இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது, அவரும் குணமடைந்தார். உடனே டைபாய்டு நோயாளிகள் பத்துப் பேருக்கு மருந்து கொடுத்துப் பார்த்து, அதே ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உலகெங்கும் டைபாய்டால் மாண்டுகொண்டிருந்தோர்க்கு வழி திறந்தது கோலாலம்பூர் மருத்துவமனைக் கட்டிலொன்றில்.

அக்குழு செய்த மற்றொரு சோதனைதான் என் மனத்தைவிட்டு அகலாதது. மருந்தை முன்கூட்டியே உண்டால் நோய் தடுக்கப்படுமா என்று அறிய, கோலாலம்பூரை அடுத்த உண்ணி மிகுந்த தோட்டத்து நிலத்தில் தன்னார்வலர்களை அமர வைத்தனர். அவர்கள் தெரிந்தே அமர்ந்தனர். காய்ச்சல் கண்டால் கவனிக்க மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார். அவர்களது துணிவைப் போற்றுகிறேன். அதே போன்ற புல்லில், கூலிக்கு, தெரியாமலே அன்றாடம் குந்தியிருந்து களையெடுத்த பெண்களும் அதே சோதனைக்குத்தான் ஆளாயினர். அவர்களைத் தன்னார்வலர் என்று எவரும் குறிக்கவில்லை, அவ்வளவே.

ஆடி என்னும் ஆய்வாளர் போருக்குப் பின் இங்கு வந்து எலியையும் உண்ணியையும் புல்லையும் ஒருசேர ஆராய்ந்தார். 1968 ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். அடர்காட்டைவிட, காட்டை அழித்துக் கைவிட்ட இடத்தில் முளைக்கும் லாலாங் புல்லும் புதருமே இந்நோயின் கோட்டை என்பது அவர் காட்டிய உண்மை. அதாவது, இது விலங்கு தானாகத் தந்த நோயன்று. நிலத்தை நாம் மாற்றியதால் பெருகிய நோய்.

மருந்து கிடைத்ததோடு கதை முடிந்ததென்று பலர் எண்ணினர். 1984 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தைக் கலைத்தது. மலேசியாவின் நாட்டுப்புறத்தில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்தபோது, உண்ணிக் காய்ச்சலே முதலிடம் பெற்றது; ஐவரில் ஏறக்குறைய ஒருவருக்கு அதுவே காரணம். மலேரியாவும் டைபாய்டும் அதற்குப் பின்னேதான். கடித்த இடத்தில் தோன்றும் கருகிய புண் வெள்ளைத் தோலில் எளிதில் தெரியும்; நம்மவர் மேனியில் தேடினாலும் பலருக்குத் தென்படாது. புண்ணைக் கண்டால்தான் நோய் என்று நூலில் படித்த மருத்துவர், அதைக் காணாமலே அனுப்பிவிடக்கூடும்.

பின்னர் 1998 ஆம் ஆண்டின் இறுதியில் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் கொசு பரப்பும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகையடித்தனர். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து அதைத் தொட்டு உழைப்போர்க்கும் வந்த நீப்பா என்ற புதிய கிருமி அது என்று 1999 இல் தெளிவாவதற்குள் பலர் மாண்டுபோயினர். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேரைத் தாக்கி ஒருவரைக் கொன்றது. அங்கும் வழிகாட்டியது, விழுந்தவர் யார், என்ன வேலை செய்தவர் என்ற அதே பழைய கேள்விதான்.

அந்த 1998 இல்தான் செப்பாங்கில் தோட்ட நிலத்தின்மேல் பெரிய விமான நிலையம் திறக்கப்பட்டது. பல தலைமுறைத் தமிழர் உழைத்த மண் ஓடுபாதையாயிற்று. விமான நிலையத்திலும் புல் வளரும். புல்லில் எலி திரியும். கூண்டில் வரும் விலங்குகளை இறக்கவும் கைகள் வேண்டும். சுற்றிலும் எஞ்சியுள்ள செம்பனைத் தோட்டங்களில் நம்மவர் குறைந்து, இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் மிகுந்துவிட்டனர். டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரை இன்று இந்நோயை எளிதில் தீர்க்கும். காய்ச்சலோடு வரும் அவர்களிடம், எங்கே வேலை செய்கிறாய், எந்தப் புல்லில் குனிந்தாய் என்று வங்காளியிலும் நேப்பாளியிலும் கேட்க மருந்தகத்தில் ஓர் ஆள் வேண்டும்.