கடைத் தோட்டாவா? கைத் தோட்டாவா?

சாம்பார் பொடியைக் கடையில் வாங்குவதா, வீட்டில் அரைப்பதா என்று தமிழ் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் போல, அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு வாக்குவாதம் நடந்து வருகிறது. ரைஃபிளுக்கான தோட்டாவைக் கடையில் வாங்குவதா, வீட்டில் தானே நிரப்பிக் கொள்வதா? பொடியில் காரம் கூடினால் ஒரு வேளைச் சாப்பாடுதான் கெடும். தோட்டாவில் மருந்து கூடினால் துப்பாக்கி வெடித்துக் கையோ கண்ணோ போகலாம். குண்டு சரியில்லை என்றால், அடிபட்ட மிருகம் காட்டுக்குள் ஓடி மறைந்து, துடிதுடித்துச் சாகும். அதனால்தான் இந்த வாக்குவாதம் இவ்வளவு காலமாகச் சூடு ஆறாமல் இருக்கிறது.

தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு மருந்தும் குண்டும் போய்விடும், ப்ரைமர் வீணாகிவிடும். கூடு மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் நான்கில் விலை அதிகமானதும் அந்தக் கூடுதான். அதைத் தூக்கி எறியாமல் மறுபடி நிரப்பலாமே என்ற எண்ணத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

அமெரிக்காவில் இது பரவியதற்கு ஒரு சின்ன விஷயம் உதவியது. 1866ல் இரண்டு பேர் இரண்டு வகை ப்ரைமர்களை உருவாக்கினார்கள். ஒருவர் அமெரிக்கரான ஹிராம் பெர்டான், இன்னொருவர் ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர். வேடிக்கை என்னவென்றால், பெர்டானுடையது ஐரோப்பாவில் வேரூன்றியது, பாக்ஸருடையது அமெரிக்காவில் நிலைத்தது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. ஒரு ஊசியை உள்ளே விட்டுத் தட்டினால் பழைய ப்ரைமர் கழன்று விழுந்துவிடும். பெர்டான் கூட்டில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

1870களில் மேற்குச் சமவெளிகளில் தோலுக்காக பைசன் எருமைகளைக் கொன்று குவித்தவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. கடை பல நாள் பயணத் தூரத்தில். ஈயத்தையும் மருந்தையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு போய், முகாமின் நெருப்பில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, ஷார்ப்ஸ் ரைஃபிளுக்கான கூடுகளை நிரப்பினார்கள். 1884ல் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற கம்பெனியைத் தொடங்கி, இடுக்கி மாதிரி கையில் அடங்கும் கருவிகளை விற்றார்.

அப்போது பயன்பட்ட கருமருந்தில் ஒரு வசதி இருந்தது. கூடு நிறையக் கொட்டினாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. 1890களில் புகையில்லா மருந்து வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. அதன் சக்தி பல மடங்கு. பழைய பழக்கத்தில் கூடு நிறையக் கொட்டியவருக்குத் துப்பாக்கி மிஞ்சாது. இன்னொரு தொல்லையும் இருந்தது. அக்கால ப்ரைமர்களில் பாதரசச் சேர்மம் உண்டு. கருமருந்து எரிந்து விடும் கரிப் படிவு, அந்தப் பாதரசத்தைப் பெருமளவு தன்னோடு பிடித்து வைத்தது. புதிய மருந்தில் கரி குறைவு. பாதரசம் பித்தளைக்குள் ஏறி, கூட்டை நொறுங்கும்படி செய்தது. அந்த வருடங்களில் கடைத் தோட்டாவை நம்பியவர்கள்தான் புத்திசாலிகள்.

கைத் தோட்டா மறுபடி தலையெடுத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ராணுவத்திடம் மலைபோல் மருந்து மிஞ்சிக் கிடந்தது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அந்த 4895 என்ற மருந்தை மலிவாக வாங்கி வேட்டைக்காரர்களுக்கு விற்றார். நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி 1949ல் குண்டு செய்யும் கம்பெனி தொடங்கினார். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குத் துப்பாக்கி பழக்கமான பொருள், கையில் காசோ குறைவு.

ஆனால் மலிவு மட்டும் காரணம் இல்லை. 1946ல் ஜான் நாஸ்லர் என்ற லாரித் தொழில் செய்தவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். சேறு அப்பிய அதன் தோலில் குண்டுகள் பட்டவுடனே சிதறின, உள்ளே போகவில்லை. ஊருக்கு வந்தவர் குண்டின் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே போகும். 1948ல் இதை விற்கக் கம்பெனியே தொடங்கினார். அதை முதலில் வாங்கியவர்கள் கையால் நிரப்புபவர்கள். பெரிய தோட்டா நிறுவனமான ஃபெடரல், நாஸ்லர் குண்டு வைத்த உயர்ரகத் தோட்டாக்களை வெளியிட்டது 1977ல்தான்.

பெரிய நிறுவனங்கள் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்ந்தன? சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் விற்கும் தோட்டா, அந்த அளவுள்ள எல்லாத் துப்பாக்கியிலும் பத்திரமாக வெடிக்க வேண்டும். உதாரணம் .45-70. அதே அளவில் 1873ம் வருட ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளும் இன்னும் இருப்பதால், கடைத் தோட்டாவின் அழுத்தத்தைக் குறைவாகவே வைத்திருக்கிறார்கள். தன் ஒரு துப்பாக்கிக்கு மட்டும் நிரப்புபவருக்கு அந்தக் கட்டு இல்லை. .22-250 என்ற அளவும் பல வருடங்கள் கைத் தோட்டாவாகவே இருந்தது. 1965ல்தான் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கியது.

ஆக, வரலாற்றைப் பார்த்தால் இவை எதிரிகள் இல்லை. கைத் தோட்டாக்காரர் சோதித்ததைத் தொழிற்சாலை சில காலம் கழித்து எடுத்துக் கொண்டது. கைத் தோட்டாக்காரரும் தொழிற்சாலையை விட்டு விலகவே இல்லை. கூட்டை மறுபடி நிரப்பலாம், குண்டை வார்க்கலாம். மருந்தையும் ப்ரைமரையும் வாங்கித்தான் ஆக வேண்டும். 2020ல் அமெரிக்காவில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது ப்ரைமரும் சேர்ந்தே கடையிலிருந்து மறைந்தது. சொந்தமாக நிரப்புகிறோம் என்று தைரியமாக இருந்தவர்களும் காலி டப்பாவோடு நின்றார்கள்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பரவலான அளவில் ரைஃபிள் வைத்து, வருடத்துக்கு ஒரு மான் சுடுபவருக்கு இப்போது கடைத் தோட்டாவே போதும். 1977க்கு முன்பு இருந்த குண்டின் தரம் பற்றிய குறை இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கருவிகளுக்குப் போட்ட பணத்தை அவர் அத்தனை குறைவாகச் சுட்டு மீட்கவும் முடியாது. தோட்டாவே விற்காத பழைய துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் கைத் தோட்டாவை விட்டால் வேறு வழி இல்லை. இடையில் இருப்பவர்கள் விலையைக் கணக்குப் போடும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். கடைத் தோட்டாவில் தப்பு நேர்ந்தால் கேள்வி கேட்க ஒரு கம்பெனி இருக்கிறது. வீட்டு மேஜையில் நிரப்பிய தோட்டாவில் தப்பு நேர்ந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் அடிபடுபவரும் ஒரே ஆள்தான்.