அசலும் மாற்றமும்: பழைய கார்களைக் காப்பதன் அறம்

2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச் புல்வெளியில் நடந்த பழங்கார் அழகுப் போட்டியில் தலைப்பரிசு ஒரு கறுப்புப் புகாட்டிக்குக் கிடைத்தது. 1934ஆம் ஆண்டின் டைப் 59 அது. பல இடங்களில் பெயின்ட் வெடித்து உரிந்திருந்தது. எதையும் யாரும் மூடி மறைக்கவில்லை. 1950 முதல் நடந்துவரும் அந்தப் போட்டியில், புதுப்பிக்கப்படாமல் வந்து சேர்ந்த நிலையிலேயே காக்கப்பட்ட ஒரு கார் தலைப்பரிசு பெற்றது அதுவே முதல் முறை. தொடக்க ஆண்டுகளில் புத்தம்புதுக் கார்களும், பின்னர் நெடுங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைவிட அதிகமாகப் பளபளத்த பழைய கார்களுமே அங்கே வென்றுவந்தன.

அந்தப் புகாட்டிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிராண்ட் பிரீ பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. அந்தப் பணி முடிந்ததும் புகாட்டி தொழிற்சாலையே அதன் சூப்பர்சார்ஜரைக் கழற்றி, ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியமைத்தது. பிறகு பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு அதை வாங்கினார். இன்றைய கறுப்பு நிறம் அவர் விருப்பப்படி வந்தது. ஆக, அசல் என்று உலகம் மெச்சிய காரே மாற்றங்களைக் கண்ட கார்தான். பழைய காரை மாற்றலாமா, கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காததற்குக் காரணம் இதுதான். எந்தக் கார், எப்போது நடந்த மாற்றம், எதற்காக நடந்தது என்று பிரித்துக் கேட்டால் விடை கிடைக்கிறது.

அசல் என்பது எது?

பிரிட்டனின் உயர் நீதிமன்றம் 1990இல் இந்தக் கேள்வியைச் சட்டத் தராசிலேயே நிறுத்திப் பார்த்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. பந்தயக் காலத்திலேயே அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. 1932இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அப்போதே அதில் பெரிய 8 லிட்டர் இன்ஜின் ஏறியிருந்தது. பின்னாளில் வேறு உடற்கூடும் ஏறியது. பல கோடி மதிப்பில் அதை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அல்ல என்று பின்வாங்க, வழக்கு நீதிபதி ஆட்டன் முன் வந்தது. 1929இல் ஓடிய காரின் உறுப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவில்கூட எஞ்சவில்லை என்பதை அவர் ஏற்றார். ஆனாலும் அந்தக் காரின் வாழ்வு எங்கும் அறுபடவில்லை; ஒரே வண்டியாகவே தொடர்ந்து வந்திருக்கிறது; எனவே அந்தப் பெயருக்கு அது உரியதே என்று தீர்ப்பளித்தார்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1966இல் தொடங்கப்பட்டது. பழங்கட்டடங்களுக்கு 1964இல் வெனிஸ் சாசனம் வகுத்த நெறிகளைப் பின்பற்றி, வாகனங்களுக்கான டூரின் சாசனத்தை ஃபிவா 2012இல் ஏற்றது. அதன் சாரம் மூன்று படிகள். முதலில் மேலும் கெடாமல் பேணுவது. தேவைப்பட்டால் பழுதை நிறுத்துவது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் புதுப்பிப்பது. வண்டி தன் இயல்பான பயன்பாட்டுக் காலத்தில் கண்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுச் சான்றுகளே. அவற்றைத் துடைத்தெறிந்து பிறந்த நாளுக்குத் திரும்ப வேண்டியதில்லை என்கிறது சாசனம். பாதுகாப்புக்காகவோ சட்டத்துக்காகவோ இன்று மாற்ற நேர்ந்தால், மிகக் குறைவாக, திரும்பப் பழையபடி ஆக்கத்தக்கதாகச் செய்து, கழற்றிய உறுப்பைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

தேவை செய்த மாற்றங்கள்

இந்த நெறியைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கத்துக் கார்களைப் பார்த்தால் பல குழப்பங்கள் தெளிகின்றன. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதி இறுகியது. உதிரிப் பாகங்கள் எட்டாக்கனியாயின. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, பெட்ரோலைக் குடித்துத் தீர்த்த அமெரிக்கக் கார்களை வைத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போது பிளைமவுத், டாட்ஜ் போன்ற வண்டிகளின் பானட்டுக்குள் டீசல் இன்ஜின்கள் ஏறின. சென்னை சிம்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் இன்ஜினும் அவற்றுள் ஒன்று. இன்றைய சேகரிப்பாளர் அதைக் கண்டால் முகம் சுளிக்கிறார். ஆனால் அந்த இன்ஜின் இல்லாவிட்டால் அந்தக் கார் எப்போதோ புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் பிரித்து விற்கப்பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 1990களின் தொடக்கத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, அங்கிருந்த ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். கியூபாவிலும் அமெரிக்கத் தடைக்குப் பின் 1950களின் செவ்ரோலே கார்களுக்குள் சோவியத் நாட்டு இன்ஜின்கள் புகுந்தன. இத்தகைய வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று அந்த ஏற்பாடுகளைப் பிடுங்கி எறிந்து தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்தால், ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் கைத்திறனும் ஓர் ஊர் பிழைத்த விதமும் அழிந்துபோகும். ஷோரூமிலிருந்து வந்த மொரிஸ் மைனர் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த மொரிஸ் மைனர் அந்த ஊரின் கதை.

விருப்பத்துக்காகச் செய்த மாற்றமும் காலம் கடந்தால் சான்றாகிவிடும். 1932ஆம் ஆண்டின் ஃபோர்டுகளின் கூரையைத் தாழ்த்தி, மட்கார்டைக் கழற்றி, பெரிய இன்ஜின் ஏற்றி ஓட்டிய கலிபோர்னிய இளைஞர்களை அன்று கார் பிரியர்கள் மதிக்கவில்லை. அந்த ஹாட் ராட் வண்டிகளுக்கென 1997இல் பெபிள் பீச்சே தனிப் பிரிவு திறந்தது. அவற்றையும் இப்போது யாரும் திருத்தக் கூடாது. அவையே தம் காலத்தின் அசல்.

தொடாத காரின் அருமை

அப்படியானால் இன்று நான் செய்யும் மாற்றமும் நாளை வரலாறாகாதா என்று கேட்கலாம். ஆகலாம். ஆனால் எதை வெட்டி அந்த வரலாற்றை எழுதுகிறோம் என்பதில்தான் சிக்கல். துருப்பிடித்து, இன்ஜின் போய், நான்கு முறை டிங்கரிங் கண்ட வண்டியில் புதுமை செய்தால் எவருக்கும் நஷ்டமில்லை. அறுபது ஆண்டு கடந்தும் முதல் பெயின்ட், முதல் சீட் துணி, முதல் ஒயரிங்கோடு கொட்டகையில் நிற்கும் வண்டியில் அதையே செய்தால், அதிலிருந்து மட்டுமே அறியக்கூடிய செய்திகள் போய்விடுகின்றன.

தொழிற்சாலைப் பெயின்டின் மொத்தப் பருமன் மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எந்த இடத்தில் அடர்த்தியாக அடித்தார்கள், எந்த மடிப்பை அடிக்காமல் விட்டார்கள், அடியில் எந்த நிற பிரைமர் என்பதெல்லாம் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கின்றன. எமரித் தாளால் தேய்த்துப் பட்டி பார்த்தால் ஒரு பகலில் அத்தனையும் தூசாகிவிடும். இழைத்த பிறகு அதை எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது.

இதை ஆழமாக எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் சிமியோன். தம் பந்தயக் கார்களைக் கொண்டு அங்கே அருங்காட்சியகம் அமைத்தவர். வரலாற்றுக் கார்களைப் பேணுவது பற்றி 2012இல் ஒரு நூலையும் தொகுத்தளித்தார். அவரிடமிருந்த 1964ஆம் ஆண்டின் கோப்ரா டேட்டோனா கூப்பே, அமெரிக்கத் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 2014இல் இடம்பெற்ற முதல் வாகனம். நீண்ட காலம் கிடங்கில் கிடந்த அந்தக் காரின் பழைய மேனியை அவர் மாற்றவில்லை. கெடாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவே.

நம் ஊரில் இதற்கு ஈடான அருமை உடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மைக்கேலோட்டி வடிவமைத்த பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தயாரித்தது. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு மட்டும் வந்த அந்தக் கார், இங்கே நான்கு கதவுகளோடும் வந்தது. 1972இல் கெஸல் என்ற பெயரில் வந்தபோது, பின்சக்கரங்களின் தனித்தனி சஸ்பென்ஷனுக்குப் பதில் நம் சாலைகளுக்கேற்ற ஒற்றை ஆக்ஸில் வந்தது. இப்போது பிரிட்டனிலிருந்து டிரையம்ப் உதிரிகளைத் தருவிப்பது எளிதாகிவிட்டதால், இந்திய விளக்கையும் இந்தியச் சின்னத்தையும் கழற்றிவிட்டு ஆங்கிலேயப் பாகங்களைப் பொருத்தி அதை உயர்த்திவிட்டதாக நினைக்கும் ஆசை எழுகிறது. அசலுக்குத் திரும்புவது போலத் தோன்றினாலும் அது மாற்றங்களிலேயே மோசமானது. டிரையம்ப் உலகெங்கும் உண்டு; ஸ்டாண்டர்டு ஹெரால்டு உலகில் இங்கே மட்டும்தான் பிறந்தது.

ஓடவும் வேண்டுமே!

கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அசல் என்று சொல்லிப் பூட்டிவைத்தால் அது வெறும் இரும்பு என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. ஈயப்படிவு காத்துவந்த பழைய வால்வு சீட்டுகள் அதற்குப் பின் தேயத் தொடங்கின. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டர் டயஃப்ரமையும் அரிக்கிறது. ஹோஸை மாற்றாமல் அசலைக் காக்கிறேன் என்பவர் காரையே தீக்கு இரையாக்கலாம். ஆறு வோல்ட் விளக்கோடு இரவில் நெடுஞ்சாலையில் போவதும் அப்படித்தான்.

இங்கே எளிய சோதனை ஒன்று போதும். ஸ்பானரால் பொருத்தி, ஸ்பானராலேயே கழற்ற முடிகிற மாற்றம் பொறுக்கத்தக்கது: ஹோஸ், சீட் பெல்ட், ரேடியல் டயர், பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். வெட்டி, வெல்டிங் வைத்து, துளை போட்டால்தான் நடக்கும் என்ற மாற்றத்தை, பேணிவந்த காரில் செய்யக் கூடாது. மின்சாரக் காராக்கும் ஆசைக்கும் இதே அளவுகோல்தான். ஜாகுவார் நிறுவனம் 2017இல் இ-டைப் காரை மின்வண்டியாக்கிக் காட்டியபோது, திரும்பப் பெட்ரோல் காராக்க முடியும் என்பதையே தன் நியாயமாகச் சொன்னது. அப்படி மாற்றிய காரை வரலாற்று வாகனமாகக் கருத முடியாது என்று 2019இல் அறிவித்த ஃபிவா, மாற்றியே தீருவேன் என்பவர் கழற்றிய பாகங்களுக்கு அடையாளமிட்டுச் சேமித்துவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டமும் இப்போது அசலின் பக்கம் சாய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதியாகச் சொன்னது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, சேஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். பேரணி, கண்காட்சி, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். வரவேற்கத்தக்க விதிதான். ஆனால் பெர்கின்ஸ் ஏறிய பிளைமவுத் போன்ற வண்டிகளுக்கு இதில் இடம் இல்லை. காலத்தோடு வந்த மாற்றத்தையும் நேற்றுச் செய்த மாற்றத்தையும் பிரித்தறியும் நுட்பம் விதிக்கு இன்னும் வர வேண்டும்.

கைவைக்கும் முன்

திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராஜராஜன் ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்தார்கள். இராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டு கழித்து, திருப்பணி என்ற பெயரில் மணலை வீசியடித்துச் சுவரைச் சுத்தம் செய்து எழுத்துகளை மழுங்கவைத்தோம். அதைத் தடை செய்ய வேண்டிவந்தது. எழுதி வைத்துக்கொண்டு மாற்றுவதற்கும் எழுதாமலேயே துடைத்தெறிவதற்கும் உள்ள இந்த வேறுபாடு கார்ப் பட்டறைக்கும் பொருந்தும்.

ஆகவே, பழைய கார் வைத்திருப்போர் எந்த வேலைக்கும் முன் மூன்று காரியங்கள் செய்வது நல்லது. முதலாவது, வண்டி நிற்கும் நிலையிலேயே உள்ளும் புறமும் அடியிலும் படமெடுத்து, ஆர்.சி. புத்தகம், சேஸ் எண், இன்ஜின் எண், பழைய பில்கள், முன்பு வைத்திருந்தவர்கள் சொல்லும் செய்திகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்குவது. இரண்டாவது, எது தொழிற்சாலையிலிருந்து வந்தது, எது ஓடிய காலத்தில் சேர்ந்தது, எது பின்னால் நுழைந்தது என்று அனுபவமுள்ள மெக்கானிக்கோடு உட்கார்ந்து பிரித்தெழுதுவது. மூன்றாவது, கழற்றியது எதுவானாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் சீட்டுக் கட்டி வைப்பது.

சங்கங்களும் பேரணி நடத்துவோரும் செய்ய வேண்டியது இன்னும் பெரிது. நடுவர்கள் பளபளப்புக்கு மதிப்பெண் தரும்வரை, அதைப் பெறுவதற்காக நல்ல பெயின்ட் இழைக்கப்படும். நல்ல சீட் துணி கிழித்தெறியப்படும். பேணப்பட்ட கார்களுக்குத் தனிப் பிரிவும் தனிப் பரிசும் வைத்தால், பட்டறைக்குப் புறப்பட்ட பல கார்கள் வாசலிலிருந்தே திரும்பிவிடும். திறமையுள்ள மாற்றக்காரர்களுக்கும் வேறொரு பிரிவு வைத்து, அவர்கள் கைவைத்தது ஏற்கெனவே சிதைந்த வண்டியா என்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்தால், சிதைந்தவை அவர்கள் கையில் உயிர்பெறும், சிதையாதவை தப்பும். இரு தரப்புக்கும் போதுமான கார்கள் நாட்டில் இருக்கின்றன. எது யாருக்கு என்று பிரித்துக்கொள்ளும் ஒழுங்குதான் இன்னும் உருவாக வேண்டும்.