கிளாம்பாக்கம் சென்னையா, இல்லையா? சென்னையின் எல்லையும் மக்கள்தொகையும்: முழு விவரம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் பக்கமிருந்து அரசு விரைவுப் பேருந்தில் கிளம்பினால், காலையில் இறங்குவது கிளாம்பாக்கத்தில். ‘சென்னை வந்துட்டேன்’னு வீட்டுக்கு போன் போடுவோம். ஆனால், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பேருந்து முனையம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில்! அப்போ சென்னை எங்கே தொடங்குது?

எல்லை எது?

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டுகள். 2018 முதல் சென்னை மாவட்டத்துக்கும் இதே எல்லைதான்.

சென்னைப் பெருநகரப் பகுதி வேறு. சிஎம்டிஏ திட்டமிடும் இந்தப் பகுதி முன்பு 1,189 சதுர கி.மீ. 2022-ல் 5,904 சதுர கி.மீ ஆக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டப் பகுதிகளும் இதில் அடக்கம். நம்ம விருதுநகர் மாவட்டம் முழுவதையும் விடப் பெரிய பரப்பு இது. கிளாம்பாக்கம் இதற்குள் வருகிறது, மாநகராட்சிக்குள் வராது.

மக்கள்தொகை எவ்வளவு?

2011 கணக்கெடுப்பில் சென்னை நகரத்துக்கு 46.46 லட்சம். ஆனால் அது சுமார் 175 சதுர கி.மீ கொண்ட பழைய எல்லைக்கான கணக்கு. கணக்கெடுப்பு முடிந்த பிறகு, அதே ஆண்டில்தான் மாநகராட்சி விரிந்தது. புதிய எல்லைக்கு அதே 2011 கணக்கைக் கூட்டினால் சுமார் 67 லட்சம். ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்புக்கு 86 லட்சத்துக்கும் அதிகம். மூன்றும் சரியான எண்களே; எல்லைதான் வேறு. அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்புத் தேதி 2027 மார்ச் 1.

ஏன் இப்படி விரிகிறது?

கிழக்கே வங்கக் கடல். அதனால் நகரம் வடக்கு, மேற்கு, தெற்கு பக்கம்தான் வளர முடியும். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகியவை இந்தச் சமவெளி வழியாகவே கடலுக்குப் போகின்றன. நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே. ஏரிகளும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சுருங்கினால் மழைநீர் தேங்க வேறு இடமில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் அதைக் காட்டியது.

மனை வாங்குவோர் கவனிக்க

‘சிஎம்டிஏ எல்லைக்குள்’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் சென்னை மாநகராட்சி வசதி வந்துவிடும்னு நினைக்க வேண்டாம். சிஎம்டிஏ நிலப் பயன்பாட்டைத் திட்டமிட்டு, கட்டுமானத்துக்கு அனுமதி தரும். தெருவிளக்கு, குப்பை, சொத்து வரிக்கு அந்த ஊர் ஊராட்சியோ நகராட்சியோதான் பொறுப்பு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்த இடம் எந்த உள்ளாட்சியில் இருக்கு?