ஏடும் கொழுந்தும்: இந்தியாவில் மூக்குக்கண்ணாடி

நாற்பது வயதையொட்டி விழிவில்லையின் நெகிழ்ச்சி குன்றுவதால் அருகிலுள்ள எழுத்து மங்கத் தொடங்குகிறது. சுவடியே உலகமாக வாழ்ந்த அறிஞருக்கு, புலமை கனியும் பருவத்தில் வாசிப்பு முடங்கியது.

அம்முடக்கம் தளர்ந்ததற்கான இந்தியச் சான்றுகளுள் பழமையானது விஜயநகரத்தைச் சார்ந்தது. மத்துவ மரபின் வியாசதீர்த்தர் (மறைவு 1539) கண்ணாடியின் துணையுடன் நூல் வாசித்ததைச் சோமநாதர் இயற்றிய வடமொழி நூலான ‘வியாசயோகிசரிதம்’ குறிக்கிறது. இதனை எடுத்துக்காட்டிய புணே ஆய்வாளர் பி. கே. கோடே, அக்கருவி போர்த்துக்கீசியர் வழியே வந்திருக்கலாம் எனக் கருதினார். அந்நூற்றாண்டிலேயே முகலாய ஓவியத்திலும் அது தென்படுகிறது: மீர் சையத் அலி தீட்டிய உருவப்படத்தில், அவர்தம் தந்தையும் ஓவியருமான மீர் முசவ்விர் கண்ணாடி அணிந்திருக்கிறார்.

வடஇந்திய மொழிகளின் ஐனக், சஷ்மா ஆகிய பெயர்கள் கண்ணைக் குறிக்கும் அரபு, பாரசீகச் சொற்களின் வழிவந்தவை. தமிழ்ப் பெயரோ அது அமரும் மூக்கைச் சுட்டுகிறது.

மேற்கண்ட சான்றுகளில் கண்ணாடி அணிந்தோர் துறவியும் அரசவை ஓவியருமே. உடலுழைப்போரின் கண்களைப் பற்றி அவை பேசுவதில்லை. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளர்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றோரின் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதோரைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது.

ஏட்டின் எழுத்தைக் காண உதவிய அதே வில்லை கொழுந்தின் நுனியைக் காணவும் தேவைப்பட்டது. அதனை அளந்து காட்ட ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.