குளிர்ப்பெட்டிக் கதவின் சுருள்வில்: நீலகிரியில் குளிர்காத்தலின் வரலாறு

குளிர்ப்பெட்டியின் கதவைத் தாங்கவும், அது முழுமையாக மூடிக்கொள்ளவும் கீலிலோ தாழிலோ பொருத்தப்படும் எஃகுச் சுருளே கதவுச் சுருள்வில். பழுதுபார்ப்போரும் கடைக்காரர்களும் இதை ஸ்பிரிங் என்றே சொல்வர். விலை குறைந்த இந்த உறுப்பு தேய்ந்துபோனால் பழி பெரும்பாலும் வேறு எதன்மீதாவது விழும். கம்ப்ரசர் சோதிக்கப்படும், வாயு நிரப்பப்படும், தெர்மோஸ்டாட் திருப்பப்படும். கதவைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். குளிருக்குப் பெயர்போன நீலகிரியில் இப்பழுது சமவெளியைவிட நீண்டகாலம் மறைந்திருக்கக்கூடும். தடுப்பு மருந்து வைக்கும் பெட்டியில் அப்படி மறைந்திருந்தால் விளைவு மின்கட்டணத்தோடு நிற்காது.

மலையே குளிர்ப்பெட்டியாக இருந்த காலம்

நீலகிரியின் குளிர் முதலில் மருத்துவத்துக்குப் பயன்பட்டது பெட்டி இல்லாமலே. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் பாரிசில் வெறிநாய்க்கடிக்கு முதல் தடுப்பூசி போட்டார். நோய்த்தொற்று ஏற்றப்பட்ட முயலின் முதுகுத்தண்டை உலர்த்தி அந்த மருந்து தயாரிக்கப்பட்டது. சீரான மிதவெப்பத்தில் செய்ய வேண்டிய வேலை அது. சமவெளியின் கோடையில் அத்திசு விரைவில் கெட்டுவிடும். இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் அமைந்ததற்குத் தட்பவெப்பமும் ஒரு காரணம்.

தெற்கே கடிபட்டவர்களுக்குக் கசௌலி மிகத் தொலைவு. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவுக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுத்தது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் வழங்கிய நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் இதற்குக் கிடைத்தது. 1907 ஏப்ரலில் குன்னூரில் சிம்ஸ் பூங்காவை அடுத்துத் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் செயல்படத் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899 முதலே ஓடிக்கொண்டிருந்தது. கடிபட்டவர்கள் மருந்தைத் தேடி மலையேறினர். மருந்து அவர்களைத் தேடி இறங்கும் நிலை அப்போது இல்லை.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்த மருந்தை உருவாக்கியபின் இது மாறியது. அம்மருந்தைப் புட்டியில் அடைத்து மற்ற ஊர் மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. மருந்து மலையைவிட்டு இறங்கியதும் மலையின் குளிரும் அதனோடு செல்ல வேண்டியதாயிற்று. குளிர் ஒரு பெட்டிக்குள் அடைபட்டது. பெட்டி என்றால் கதவு உண்டு.

தாழ்ச் சுருள்வில்லும் அது பறித்த உயிர்களும்

மின்சாரம் வருமுன் தமிழகம் கண்ட குளிர் கப்பலில் வந்தது. பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833 முதல் இந்தியாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த அவரது ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். வீட்டு உபயோகத்துக்கு வந்த பனிப்பெட்டிகள் தடித்த மரக்கதவும் பித்தளைத் தாழும் கொண்டவை. 1920களில் மின்சாரக் குளிர்ப்பெட்டி பரவியபோது அந்தத் தாழ் வடிவமே தொடர்ந்தது. கைப்பிடிக்குள் இருந்த வலுவான சுருள்வில் கொக்கியைப் பிடித்துக் கதவை ரப்பர் விளிம்போடு இறுக்கியது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அக்கால மின்சாரப் பெட்டிகளெல்லாம் இந்த வகைக் கதவு கொண்டவையே.

இந்தத் தாழை உள்ளிருந்து திறக்க முடியாது. அமெரிக்காவில் தூக்கியெறியப்பட்ட பழைய பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தது மீண்டும் மீண்டும் நடந்தது. 1956இல் அந்நாட்டு நாடாளுமன்றம் குளிர்ப்பெட்டிப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபர் இறுதிக்குப்பின் தயாராகும் வீட்டுக் குளிர்ப்பெட்டிகளை உள்ளிருந்து தள்ளித் திறக்க முடிய வேண்டும் என்று விதி வந்தது. கொக்கித் தாழ் விடைபெற, ரப்பர் விளிம்புக்குள் காந்தப் பட்டை புகுந்தது. இதுவே இன்றைய கேஸ்கெட். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் முதல் உள்நாட்டுக் குளிர்ப்பெட்டியைத் தயாரித்ததும் அதே 1958இல்தான். குளிர்பதனத் துறையில் நிகழ்ந்த பெரிய மாற்றங்களைப் பட்டியலிடுவோர் வாயுக்களைப் பற்றியே அதிகம் எழுதுகின்றனர். மனித உயிரைக் கணக்கில் எடுத்தால் இந்தத் தாழ் மாற்றம் அவற்றுக்குக் குறைந்தது அன்று.

கீலுக்கு இடம்பெயர்ந்த சுருள்

காந்தம் வந்தபின் சுருள்வில் மறைந்துவிடவில்லை. தாழிலிருந்து கீலுக்கு நகர்ந்தது. காந்தப் பட்டை சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் வந்த கதவைத்தான் இழுத்துப் பிடிக்கும். அதுவரை கதவைக் கொண்டுவந்து சேர்ப்பது வேறொன்றின் வேலை.

இன்றைய இரட்டைக்கதவு வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் அவ்வேலையைச் செய்வது கீலடியில் உள்ள சரிவான நைலான் துண்டு. அங்கே சுருள்வில்லைத் தேடுவது வீண். பழைய ஒற்றைக்கதவுப் பெட்டியில் பனிக்கட்டி அறைக்கு உள்ள சிறு மடிப்புக் கதவில் மெல்லிய முறுக்குச் சுருள் இருக்கும். ஊட்டியின் பேக்கரிகளிலும் பெட்டிக்கடைகளிலும் குளிர்பானம் அடுக்கியிருக்கும் கண்ணாடிக்கதவுப் பெட்டிகளில் கதவின் கீழ்முனையிலோ மேல்முனையிலோ முறுக்குக் கம்பி அல்லது முறுக்குச் சுருள் உண்டு. கையை விட்டதும் கதவைத் தானே சாத்துவது அதுதான். மேல்நோக்கித் திறக்கும் டீப் பிரீசரில் பின்பக்கக் கீல்களுக்குள் தடித்த அழுத்தச் சுருள்கள் மூடியின் எடையைத் தாங்குகின்றன.

தடுப்பு மருந்துக்கான ஐ.எல்.ஆர். இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. பக்கச் சுவர்களில் பனிக்கட்டி அல்லது நீர்ப்பைகள் சூழ்ந்த பெட்டி இது. நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பநிலையைக் காக்கும்படி வடிவமைக்கப்பட்டது. கனமான குளிர்காற்று கீழேயே தங்கும் என்பதால் மூடியை மேலே வைத்தனர். 1978இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும் 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் இந்தியாவில் தொடங்கின. அவற்றின் பின்னே ஐ.எல்.ஆர். மலையூர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை ஏறியது. குன்னூர் நிறுவனமோ 1977இல் இந்திய பாஸ்டர் நிறுவனம் என்ற பெயரில் தன்னாட்சி அமைப்பாகி, முத்தடுப்பு மருந்தும் தயாரித்து நாட்டுக்கு அனுப்பியது. குன்னூருக்கு ஏறிவந்த நோயாளிகளின் பயணம் ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழானது.

மலையில் பழுது மறைவது எப்படி?

விசைக்கு ஏற்ப நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி. ஆனால் ஆயிரக்கணக்கான முறை அழுந்தி எழுந்த கம்பி சோர்ந்துபோகும். நீலகிரியில் இதனோடு ஈரமும் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டி பக்கத்தை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தை நனைக்கும். இடையில் மூடுபனி. கீலின் உள்ளே தேங்கும் ஈரத்தால் கம்பியில் துருப்புள்ளிகள் தோன்றும். முறிவு அந்தப் புள்ளிகளில்தான் தொடங்கும்.

ஐ.எல்.ஆர். மூடியின் சுருள் தளர்ந்தால் மூடி திறந்து நிற்காது, கனத்தோடு விழும். அதனால் செவிலியர் ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டு மறுகையால் புட்டியைத் தேட வேண்டியிருக்கும். அரை நிமிட வேலை இரண்டு நிமிடமாகும். விழும் அடி ஒவ்வொன்றிலும் கேஸ்கெட் நசுங்கும், கீல்தகடு வளையும். ஒரு பக்கச் சுருள் மட்டும் தளர்ந்திருந்தால் மூடி கோணலாக உட்கார்ந்து ஒரு மூலையில் இடைவெளி விடும். சில மாதங்களுக்குப்பின் வருபவர் கேஸ்கெட் கிழிந்திருப்பதைக் கண்டு அதை மட்டும் மாற்றுவார். புதிய கேஸ்கெட்டும் அதே அடியில் நசுங்கும்.

சென்னையிலோ மதுரையிலோ இந்த இடைவெளியை வெப்பமானி காட்டிக்கொடுத்துவிடும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே ஏற்றம் உடனே தெரியும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில், ஜனவரி இரவில் வெளிவெப்பமே மருந்துக்கு உகந்த எல்லையை ஒட்டி இருக்கும். காலையும் மாலையும் பதிவேட்டில் எழுதப்படும் எண் சரியாகவே இருக்கும்; மூடி மட்டும் சரியாக மூடியிராது. எனவே மலையில் வெப்பமானியைவிட உறைபனியை நம்புவது மேல். ஈரக்காற்று எந்த மூலையில் நுழைகிறதோ அந்த மூலையில் வெண்பனி தடிக்கும். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் பனியை உருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. உருக்கிய சில நாட்களிலேயே அதே மூலையில் மீண்டும் படிந்தால் தேட வேண்டிய இடம் அதற்கு மேலுள்ள மூடிதான்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. வெயில் ஏறும் ஏப்ரலில் உள்வெப்பம் 9 அல்லது 10 டிகிரியைத் தொட்டதும் தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிருக்குத் திருப்புவது எளிய தீர்வாகத் தோன்றும். பின்னர் யாரோ மூடியை நன்கு அழுத்தி மூடிவிட்டுச் செல்வார். இரவில் அடித்தட்டு 0 டிகிரிக்குக் கீழே இறங்கும். முத்தடுப்பு, டெட்டனஸ், கல்லீரல் அழற்சி பி தடுப்பு மருந்துகள் வெப்பத்தைவிட உறைதலுக்கே அதிகம் அஞ்சுபவை. உறைந்தால் அவற்றிலுள்ள அலுமினிய உப்பு திரிந்து மருந்து வலிமை இழக்கும். உருகியபின் பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாமலும் போகலாம். புட்டியின் மேலுள்ள நிறமாறு குறியும் வெப்பத்தை மட்டுமே பதிவுசெய்யும், உறைந்ததைச் சொல்லாது. குளிர்நாட்டில் குளிரே மருந்தைக் கெடுக்கும் என்பது பலருக்கு நம்பக் கடினமான செய்தி.

கண்டறிதலும் மாற்றுதலும்

சோதனைகள் எளியவை. மூடியைப் பாதி உயர்த்திக் கையை மெதுவாக எடுத்தால் நல்ல சுருள் அதை அங்கேயே நிறுத்தும். தளர்ந்த சுருள் விட்டுவிடும். கீலில் நறநறப்பு கேட்டாலோ, துருத்தூள் உதிர்ந்தாலோ சுருள் முறிந்திருக்கலாம். ஒரு தாளை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது பழைய வழி. நான்கு பக்கமும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். கண்ணாடிக்கதவுப் பெட்டியில் கதவை ஒரு சாண் அளவு திறந்துவிட்டால் அது தானே சென்று ஒட்ட வேண்டும்.

ஒட்டாவிட்டால் உடனே சுருளைக் குறைகூறவும் கூடாது. மலைச்சரிவில் கட்டிய கடைகளிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் தரை மட்டமாக இருப்பது அரிது. பெட்டி முன்பக்கம் சாய்ந்திருந்தால் புதுச் சுருளும் கதவைச் சாத்தாது. முன்கால்களைத் திருகி, பெட்டி சற்றே பின்சாயும்படி நிறுத்தியபின் மறுபடி பார்க்க வேண்டும். பாதிக் குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

மாற்றும் வேலையில் முதலில் இடம்மாற வேண்டியது மருந்து. வேறொரு ஐ.எல்.ஆர். இல்லையென்றால் குளிர்காப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். அதில் அடுக்கும் ஐஸ்பேக்குகள் பிரீசரிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தத்தக்கவை அல்ல; குலுக்கினால் உள்ளே நீர் சலசலக்கும் அளவுக்கு உருகிய பிறகே உறைதலுக்கு அஞ்சும் மருந்தோடு வைக்கலாம். பிறகு மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

மேல்திறப்புப் பெட்டியில் மூடி மூடியிருக்கும்போது சுருள் முழு அழுத்தத்தில் இருக்கும். அந்நிலையில் திருகாணிகளைக் கழற்றினால் கீல்கரம் விசையோடு எகிறி விரலையோ முகத்தையோ தாக்கும். மூடியை முழுதும் திறந்து, மற்றொருவர் அதைப் பிடித்துக்கொண்டபிறகே கழற்ற வேண்டும். மூடியிலிருந்து விடுபட்ட கீலைக் கையால் மடக்கிப் பார்க்கவும் கூடாது. பல மாதிரிகளில் சுருளைத் தனியே எடுக்க வழியில்லை. கீல்தொகுதியையே மாற்ற வேண்டும். இரண்டு கீல்களையும் ஒருசேர மாற்றுவதே முறை. பழையதும் புதியதும் சேர்ந்தால் மூடி மறுபடி கோணும். கண்ணாடிக்கதவில் நேர்மாறு: முதலில் பழைய முறுக்கைத் தளர்த்திக் கதவைக் கழற்ற வேண்டும், புதியதைப் பொருத்தியபின் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்கேற்ற வேண்டும். அளவு மீறினால் கதவு அடித்துச் சாத்தும், கண்ணாடி தாங்காது.

வேலை முடிந்ததும் மருந்தைத் திரும்ப வைக்க அவசரப்படக் கூடாது. காலிப் பெட்டியை ஓடவிட்டு, வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் நிலைத்தபிறகே அடுக்க வேண்டும். பழுது இருந்தபோது திருப்பிய தெர்மோஸ்டாட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதும் இதே வேளையில் செய்ய வேண்டியது. பலரும் மறப்பது இதைத்தான்.

நீலகிரியில் இந்த வேலையை எப்போது செய்வது என்பதும் ஒரு கேள்வி. 2009 நவம்பரில் பெருமழையும் நிலச்சரிவுகளும் மலைப்பாதைகளைத் துண்டித்தன. 2019 ஆகஸ்ட் 8இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய நாட்களில் மின்கம்பங்கள் சாயும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதிரிப்பாகமும் வராது, மெக்கானிக்கும் வரமாட்டார். ஐ.எல்.ஆரின் பனிச்சுவர் மின்சாரமின்றித் தாங்கும் நேரம் மூடி சரியாக மூடியிருந்தால் மட்டுமே கிடைக்கும். ஆகவே மாற்று கீல் ஒரு ஜோடியை முன்கூட்டி வாங்கிவைத்து, மே மாதக் கோடைக்கூட்டம் வடிந்து ஜூன் மழை தொடங்குவதற்குள் மூடிகளைச் சோதித்து முடிப்பது இம்மலைக்கு ஏற்ற கால அட்டவணையாகும்.