குமிழில் ஏறிய கனம்

1969-ல் போர்ஷே 917 பந்தயக் காரை உருவாக்கியவர்கள் எடையைக் குறைக்க அதன் சட்டகத்தையே அலுமினியக் குழாய்களால் கட்டினார்கள். அதோடு விடாமல், கியர் குமிழைப் பால்சா மரத்தில் கடைந்து வைத்தார்கள். பால்சா என்பது பொம்மை விமானம் செய்கிற, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற மரம். அதனால் மிச்சமான எடையைக் கிராமில்தான் சொல்ல வேண்டும். 2020-ல் ஹோண்டா தன் சிவிக் டைப் ஆர் காரைப் புதுப்பித்தபோது செய்தது இதற்கு நேர்மாறு. உருண்டையாக இருந்த குமிழை நீர்த்துளி வடிவத்துக்கு மாற்றி, உள்ளே 90 கிராம் எடைக்கட்டி ஒன்றையும் வைத்தது. இரண்டுமே போகிற போக்கில் முடிவெடுக்கும் நிறுவனங்கள் அல்ல. உதிரிபாகக் கடையில் கிடைக்கும் அரைக்கிலோ எஃகுக் குமிழை வெறும் ஜம்பம் என்று ஒதுக்குகிறவர்களும், அதை மாட்டினால் கியர் தானாக வழுக்கிக்கொண்டு விழும் என்று விற்கிறவர்களும் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. கியர்பெட்டி முரட்டுத்தனமாக இருந்த காலத்தில் குமிழின் கனத்துக்கு வேலையே இல்லை. பெட்டி பண்பட்டு, கையின் வேலை மாறிய பிறகுதான் அதற்கு ஒரு பொருள் வந்தது என்பதே என் வாதம்.

1890-களில் பிரான்சின் பனார் ஏ லெவாசோர் நிறுவனம் பரப்பிய கியர்பெட்டியில் பல்சக்கரங்களே நகர்ந்து போய் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் பற்கள் கடகடவென்று அலறும். சில நேரம் உடையும். அந்தக் கார்களின் கியர் தண்டு பெரும்பாலும் ஓட்டுநரின் வலப்பக்கம், வண்டிக்கு வெளியே, நீளமான இரும்புக் கம்பியாக நின்றது. அதன் தலையில் குமிழ் இருந்ததே உள்ளங்கை கிழியாமல் இருக்கத்தான். கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, எஞ்சின் சுற்றைச் சரிசெய்து, மறுபடி மிதித்துப் போடும் டபுள் கிளட்ச் முறை நம் பழைய லாரி ஓட்டுநர்களுக்குப் பழக்கமானது. அங்கே வேலை செய்வது காதும் காலும். நேரம் சரியாக வாய்த்தால் தண்டு இரண்டு விரலில் போகும். தவறினால் எவ்வளவு கனம் சேர்த்தாலும் போகாது, போகவும் கூடாது. இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஃபோர்டு தன் மாடல் டி காரில் கியரைக் காலடிக்கே கொண்டுபோனது. 1908 முதல் 1927 வரை விற்ற சுமார் ஒன்றரைக் கோடி மாடல் டி வண்டிகளில் கையால் பிடித்துக் கியர் மாற்ற ஒரு குமிழே கிடையாது. கார் உலகின் பாதி இப்படிக் குமிழே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

திருப்பம் 1928-ல் வந்தது. ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பைக் காடிலாக் அந்த ஆண்டு தன் கார்களில் பொருத்தியது. இன்றைய மேனுவல் கார்களில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று மாட்டியே சுற்றுகின்றன. கையால் நாம் நகர்த்துவது ஓர் உறையை மட்டும்தான். உறை முதலில் ஒரு பித்தளை வளையத்தைச் சக்கரத்தின் கூம்பு முகத்தில் அழுத்தும். உராய்வில் இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை அந்த வளையம் வழிவிடாது. ஒன்றானதும் உறை தாண்டிப் போய்ப் பற்களில் பூட்டிக்கொள்ளும். கையில் இது எப்படித் தெரிகிறது என்று கவனித்தால் விஷயம் பிடிபடும். நியூட்ரலை விட்டுத் தண்டு கிளம்பும்போது சிறிது தடை. பிறகு காலியான ஓட்டம். வளையம் கூம்பைத் தொட்டதும் ஒரு முட்டு. அது விட்டதும் சட்டென்று ஒரு சரிவு. கடைசியில் பற்களின் முனைகள் உரசினால் இன்னொரு சிறு முட்டு. ஒரு நொடியின் சிறு பங்குக்குள் தடை ஏறியும் இறங்கியும் நாலு முறை மாறிவிடுகிறது. முன்பு காது செய்த வேலையைப் பித்தளை வளையம் எடுத்துக்கொண்டது. அந்த வளையத்துக்கு வேண்டிய அழுத்தத்தைச் சீராகக் கொடுப்பது கையின் வேலையாயிற்று. குமிழின் கனத்துக்குப் பொருள் பிறந்த இடம் இதுதான்.

ஆனால் பிறந்த உடனே அது வளரவில்லை. 1930-களின் இறுதியில் அமெரிக்கக் கார்கள் கியர் தண்டைத் தரையிலிருந்து பிடுங்கி ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் மாட்டின. முன் சீட்டில் மூன்றாவது ஆள் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதே பெரிய காரணம். நம் நாட்டில் அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பல பத்தாண்டுகள் ஓடியது இந்த ஸ்டியரிங் கியர்தான். அதன் தண்டு படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கியர் மாற்ற அதை மேலும் கீழும் அசைக்க வேண்டும். அப்படிப்பட்ட தண்டின் நுனியில் அரைக்கிலோ தொங்கினால் புவியீர்ப்பு ஒரு பக்கமாகவே இழுக்கும், மேலே தூக்கிப் போடும் கியர் பாரமாகும். ஆகவே தண்டு தரையில் செங்குத்தாக நிற்கும் வரை கனத்தைப் பற்றிப் பேச இடமில்லை. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தரைக் கியர் இருந்தது; ஆனால் அது சிறுபான்மை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே இந்தியக் கை பெருமளவில் தரைக்கு இறங்கியது. அமெரிக்காவில் இந்த இறக்கம் முன்பே நடந்துவிட்டது. 1950-களின் இறுதியில் பென்சில்வேனியாவில் தொழில் தொடங்கிய ஜார்ஜ் ஹர்ஸ்ட், தரையில் பொருத்தும் உறுதியான கியர் தண்டுகளைச் செய்து பந்தயப் பிரியர்களிடம் பெயர் வாங்கினார். 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. தொழிற்சாலையிலிருந்தே ஹர்ஸ்ட் தண்டோடு வெளிவந்தது. வெளிக்கடைப் பொருள் ஒன்று காரின் விற்பனைக் காரணமாக மாறிய கதை அது. ஆனால் ஹர்ஸ்ட் விற்றது கனத்தை அல்ல. ஆட்டம் இல்லாத இணைப்பை.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். குமிழை மாற்றும் பழக்கம் ஹர்ஸ்டுக்கு வெகு முன்பே இருந்தது, அது முழுக்க அலங்காரம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1920, 30-களில் அமெரிக்கக் கடைகளில் பல நிறம் சுழன்றோடும் கண்ணாடிக் குமிழ்கள் விற்றன. ஜப்பானில் லாரிக்காரர்களும் வேன் ஆர்வலர்களும் விரும்பிய ‘சுய்ச்சூக்கா’ குமிழ், தெளிந்த அக்ரிலிக்குக்குள் பூ உறைந்து நிற்கும் பொருள். 1976-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் குமிழ், கோல்ஃப் பந்தைப் போலக் குழிகள் கொண்டது. கட்டம்போட்ட சீட் துணியையும் அந்தக் குமிழையும் யோசித்தவர் அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட். பிளாஸ்டிக் பந்து; கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலங்கார மரபு மூத்தது, பெரியது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. காரின் உள்ளே ஓட்டுநர் ஓயாமல் தொடுகிற, ஸ்பேனர் இல்லாமல் கழற்றிவிடக்கூடிய பொருள் குமிழ் ஒன்றுதான். அதை அவர் தன் விருப்பப்படி மாற்றியதில் என்ன வியப்பு? ஆனால் அலங்காரம் முந்தி வந்ததால் பயன் பொய்யாகிவிடாது. கனம் சேர்க்கும் எண்ணம் வேறு இடத்திலிருந்து, கார் நிறுவனங்களின் பொறியியல் அறையிலிருந்தே வந்தது என்பதற்குச் சான்று உண்டு.

முன்சக்கர இழுவையும் குறுக்காகப் படுத்த எஞ்சினும் பரவியபோது கியர்பெட்டி ஓட்டுநரின் காலடியிலிருந்து வெகுதூரம் விலகிப்போனது. 1959-ன் மினியில் தண்டு முன்தரையிலிருந்து முளைத்த நீண்ட வளைகம்பியாக ஆடியது. 1961-ல் வந்த மினி கூப்பரில்தான் இடையிணைப்பு வைத்துக் குட்டையான தண்டாக்கினார்கள். பிறகு வந்த பல கார்களில் தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு கேபிள்கள் மட்டும். கேபிள் நெளியும், உராயும். பெட்டியின் முட்டுகள் மழுங்கியும் சில்லறையாகவும் கைக்கு வந்து சேரும். இதற்கு நிறுவனங்கள் கண்ட பரிகாரங்களில் ஒன்று, கியர்பெட்டியின் மேல், கேபிள் வந்து மாட்டும் நெம்புகோலிலேயே ஒரு வார்ப்பிரும்புக் கட்டியை வைப்பது. ஃபோக்ஸ்வாகனின் 02ஏ, 02ஜே பெட்டிகள் உள்ள கார்களின் பானட்டைத் திறந்து பார்த்தால் அந்தக் கட்டி கண்ணுக்குத் தெரியும். ஓட்டுநர் பார்க்காத இடத்தில், யாருக்கும் ஜம்பம் காட்டாமல், செலவு செய்து ஒரு நிறுவனம் எடையைச் சேர்க்கிறது என்றால் அது அலங்காரம் அல்ல. கடையில் வாங்கும் கனத்த குமிழ் அதே காரியத்தைக் கேபிளின் மறுமுனையில், கையடியில் செய்கிறது.

எவ்வளவு செய்கிறது என்பதைத் தோராயக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை அரைக்கிலோவைத் தொடும். அதே அளவு அலுமினியத்தில் 180 கிராமுக்குச் சற்றுக் குறைவு. டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் 100 கிராம்கூடத் தேறாது. கியர் மாற்றும்போது குமிழ் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை எட்டுவதாக வைத்துக்கொண்டால், எஃகு உருண்டையில் சேரும் இயக்க ஆற்றல் கால் ஜூல். கை 50 நியூட்டன் விசையால், அதாவது ஐந்து கிலோவைத் தாங்கும் அழுத்தத்தால், ஐந்து சென்டிமீட்டர் தள்ளுவதாகக் கொண்டால் செய்யும் வேலை இரண்டரை ஜூல். ஆக, குமிழின் பங்கு பத்தில் ஒன்று. அந்தப் பத்தில் ஒன்றும் இலவசம் அல்ல. தொடக்கத்தில் கை கொடுத்த ஆற்றலே முட்டு வரும் இடத்தில் திரும்பக் கிடைக்கிறது. வளையமும் கூம்பும் வேகம் பொருந்த வேண்டிய மொத்த வேலை ஒரு துளியும் குறைவதில்லை. குறைவது ஏற்ற இறக்கம் மட்டும்: தடை திடீரென்று ஏறும்போது ஓடிக்கொண்டிருக்கும் எடை அதைத் தாண்டிக்கொடுக்கிறது, திடீரென்று விடும்போது கை முன்னே பாயாமல் பிடிக்கிறது. முயற்சி பாதியாகிவிடும் என்பது விற்பனைப் பேச்சு. ஒன்றுமே மாறாது, எல்லாம் மனப்பிரமை என்பதும் கணக்குப் பாராத பேச்சு.

பத்தில் ஒன்று என்ற அதே அளவு, கியர்பெட்டி கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் ஓரளவு பதில். அரைக்கிலோ குமிழ் சிங்க்ரோ வளையத்தை அடித்து நொறுக்குமென்றால், அவசரப்பட்டு இழுக்கிற கை அதைப்போல் பல மடங்கு முன்பே நொறுக்கியிருக்க வேண்டும். ஓட்டும்போது குமிழின் மேலேயே கையை ஊன்றி வைத்திருக்கும் பழக்கம் கெடுதல்; அது உறையை நகர்த்தும் கவட்டையை இடைவிடாமல் உரச வைக்கும். நிமிர்ந்த தண்டின் உச்சியில் இருக்கும் எடையின் பெரும்பகுதியோ தண்டின் வழியே கீழே இறங்கிவிடுகிறது, கவட்டையைப் பெரிதாகத் தள்ளுவதில்லை. ஆனால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்த பழைய பெட்டியில், குண்டும் குழியுமான சாலையில், கனத்த குமிழ் குலுங்கிக் கியரைக் கழற்றிவிட வாய்ப்பு உண்டு. அந்த ஆட்சேபத்துக்கு மறுப்பு இல்லை. முதலில் பெட்டியைச் சரிசெய்வதுதான் வழி.

பால்சா குமிழை எப்படி விளக்குவது? 917-ல் ஒவ்வொரு பாகத்திலும் கிராம் கணக்குப் பார்த்தார்கள். குமிழுக்கென்று தனிக் கொள்கை இருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. ஓட்டியவர்களும் எஞ்சின் சுற்றைக் காலாலேயே பொருத்திவிடும் தேர்ந்த கைகள். முட்டு பெரிதாக வந்தால்தானே தாண்டிக்கொடுக்க எடை வேண்டும்? போர்ஷே 2003-ல் கரேரா ஜிடி காருக்கு அதன் நினைவாக வைத்தது மரக் குமிழ்தான் என்றாலும், பால்சாவை விட்டுக் கெட்டியான மரங்களையே ஒட்டிச் செய்தது. ஹோண்டாவின் பாதை இன்னும் சுவாரசியம். 1992-ன் என்எஸ்எக்ஸ்-ஆர், 1995-ன் இன்டெக்ரா டைப் ஆர் இரண்டிலும் அது பெருமையோடு வைத்தது டைட்டானியக் குமிழ். டைட்டானியம் எஃகில் கிட்டத்தட்டப் பாதி எடைதான். எடைக் குறைப்பின் சின்னமாகக் குமிழைக் காட்டிய அதே நிறுவனம், கால் நூற்றாண்டு கழித்து அதற்குள் எடைக்கட்டியை வைத்தது. சின்னத்துக்கும் கைக்கும் நடுவே ஹோண்டா கடைசியில் கைப்பக்கம் சாய்ந்தது என்றே நான் படிக்கிறேன். அரைக்கிலோ எஃகுக் குமிழையே வைக்காமல் 90 கிராமோடு நிறுத்திக்கொண்டதும் கவனிக்கத்தக்கது. அளவு தெரிந்தவர்கள் கொஞ்சமாகத்தான் சேர்த்தார்கள்.

வாங்குகிறவருக்கு மிஞ்சுவது சில்லறை விஷயங்கள். ஹோண்டாவின் தண்டு மரை எம்10, 1.5 இடைவெளி, மாஸ்டாவும் நிசானும் எம்10, 1.25, டொயோட்டாவும் சுபாருவும் எம்12, 1.25. இதைப் பார்க்காமல் முறுக்கினால் குமிழோடு தண்டின் மரையும் போகும். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கும் கார்களில் உருண்டைக் குமிழ் அந்த வளையத்துக்கு இடம் விடாது. மே மாத வெயிலில் சென்னையில் நிறுத்திய காரின் எஃகுக் குமிழைத் தொட்டவர்கள் டெல்ரினின் அருமையைச் சொல்வார்கள். கனமும் குளிர்ச்சியும் சேர்ந்து வேண்டுமென்றால் உள்ளே எஃகும் வெளியே பிளாஸ்டிக்குமாகச் செய்ததைத் தேட வேண்டும். 2014-ல் மாருதி செலேரியோ அறிமுகப்படுத்திய ஏஎம்டி போன்ற வண்டிகளிலும் குமிழை மாற்றிக் கனம் ஏற்றுகிறார்கள். அங்கே கிளட்சை மிதிப்பதும் கியரை நகர்த்துவதும் இயந்திரக் கைகள்; தண்டு அவற்றுக்கு ஆணை சொல்லும் ஒரு ஸ்விட்ச். ஓட்டுநரின் கைக்கும் பித்தளை வளையத்துக்கும் தொடர்பே இல்லாத அந்த இடத்தில் குமிழ் மறுபடி 1930-களின் கண்ணாடி உருண்டையாகிவிடுகிறது. அழகாக இருந்தால் வாங்கலாம்.